செஸ்டர்ஃபீல்டு ஊசிக்கோபுரம் எப்படி முறுக்கிக்கொண்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், உலகின் விநோதக் கட்டடங்கள் பற்றிய பக்கத்தில், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்டு ஆலயத்தின் படம் வந்திருந்தது. படம் அருமை. ஆனால் கீழே இருந்த மூன்று வரிக்குள் நான்கு பிழைகள். பேராலயம் என்று போட்டிருந்தீர்கள். அது ஊர்ச்சபைக்கு உரிய சேகர ஆலயம். கல் கோபுரம் என்றிருந்தது. முறுக்கியிருக்கும் பகுதி முழுக்க மரமும் ஈயமும். 1362-ல் கட்டப்பட்ட ஆலயம் என்றிருந்தது. அந்த ஆண்டு ஊசிக்கோபுரத்துக்கு மட்டும் உரியது, அதுவும் ஏறத்தாழத்தான். முறுக்கு ஒரு சிற்பியின் கற்பனை என்றிருந்தது. அதை யாரும் முறுக்கிக் கட்டவில்லை. நேராகக் கட்டியது, பிறகு முறுக்கிக்கொண்டது.

முதல் மூன்றும் திருத்தக்கூடிய சின்னத் தவறுகள். நான்காவதை அப்படி விட முடியவில்லை. பழைய மரக் கூரையோ மணிக்கூண்டோ யார் பொறுப்பில் இருந்தாலும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் அந்த முறுக்குக்குள் இருக்கிறது. அதைக் கலைநயம் என்று சொல்லிவிட்டால் பாடம் மறைந்துவிடும். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன், இடம் கொடுங்கள்.

முதலில் பேராலயம் என்ற சொல். பேராயர் அல்லது ஆயரின் இருக்கை இருக்கும் இடத்தைத்தான் பேராலயம் என்பார்கள். செஸ்டர்ஃபீல்டு அடங்கிய மறைமாவட்டத்துக்கு அந்த இருக்கை டெர்பி நகரத்தில் இருக்கிறது. செஸ்டர்ஃபீல்டில் உள்ள பரிசுத்த மரியாள் மற்றும் சகல பரிசுத்தவான்கள் ஆலயம் டெர்பிஷயரிலேயே பெரிய ஆலயம்தான். ஆனாலும் ஊர்ச்சபைக்கு உரிய ஆலயம். திருநெல்வேலிப் பக்கம் சேகரம் என்றும், கத்தோலிக்கர் பங்கு என்றும் சொல்வதைத்தான் இங்கிலாந்தில் பாரிஷ் என்கிறார்கள். அது வழிபாட்டு எல்லை மட்டுமல்ல. நூற்றாண்டுக்கணக்கில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் வசூலானதும், ஏழைகளுக்கு உதவி போனதும் அந்த எல்லைக்குள்தான். 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் பதிவேட்டில் எழுதி வைத்தது.

கட்டடத்தைப் புரிந்துகொள்ள இதில் ஒரு விதி முக்கியம். ஆலயத்தின் கிழக்குப் பகுதியான பீடக்கூடத்தைப் பழுதுபார்ப்பது தசமபாகம் பெறும் ரெக்டரின் கடமை. மக்கள் கூடும் நடுக்கூடத்தையும் கோபுரத்தையும் பழுதுபார்ப்பது ஊர் மக்களின் கடமை. அதற்காக ஊரில் வரி விதிப்பார்கள். அந்த வரி கட்டாயம் என்ற நிலை 1868-ல்தான் நீங்கியது. இங்கிலாந்தின் பழைய ஆலயங்கள் பலவற்றில் பீடக்கூடம் சிறுத்துத் தாழ்ந்தும், நடுக்கூடமும் கோபுரமும் ஓங்கியும் நிற்பதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம். யார் பையில் பணம் இருந்ததோ அவர் பக்கம் உயர்ந்தது.

இனி ஆண்டுக் கணக்கு. இங்கிலாந்தின் பழைய ஆலயம் எதற்கும் ஒரே ஒரு கட்டிய ஆண்டைச் சொல்ல முடியாது. செஸ்டர்ஃபீல்டு ஆலயத்துக்கு 1234-ல் ஒரு பிரதிஷ்டை நடந்திருக்கிறது. கோபுரத்தின் பாரத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்கள் இன்று நிற்பவற்றில் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. சுவர்களின் பெரும்பகுதி 14-ம் நூற்றாண்டு வேலை. ஊசிக்கோபுரம் சுமார் 1362. பிறகு 1843-ல் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞரின் கையில் பெரிய சீரமைப்பு. 1961 தீ விபத்துக்குப் பிறகு இன்னொரு சுற்று. ஆக, ஒரு கூரைக்குக் கீழே எழுநூறு ஆண்டு வேலை இருக்கிறது.

எந்தப் பகுதி எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ளச் சன்னலைப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும். வளைவு அரைவட்டமாக இருந்தால் நார்மன் காலம், 12-ம் நூற்றாண்டு வரை. ஒல்லியாக, ஈட்டி முனை போல ஒற்றையாக நின்றால் 13-ம் நூற்றாண்டு. சன்னலின் தலைப்பகுதியில் கல் கொடிபோல வளைந்து நெளிந்து ஓடினால் 14-ம் நூற்றாண்டின் முதற்பாதி. அதே கல் சட்டங்கள் அடியிலிருந்து உச்சிவரை நேர்க்கோடாக ஏறினால் அதற்குப் பிந்தியது. இந்தப் பாணிகளுக்கு இன்று வழங்கும் பெயர்களை 1817-ல் வைத்தவர் தாமஸ் ரிக்மன். ஒரு எச்சரிக்கை: ஸ்காட் தலைமுறையினர் பழைய பாணியிலேயே புதுச் சன்னல் செய்து பொருத்தியிருக்கிறார்கள். கல்லின் விளிம்பு கூர்மையாக, உளித் தடம் ஒரே சீராக இருந்தால் 19-ம் நூற்றாண்டு என்று சந்தேகப்படலாம்.

ஆலயத்தின் அமைப்பு சிலுவை வடிவம். மேற்கிலிருந்து நுழைந்தால் நடுக்கூடம், இருபுறமும் தூண்வரிசைக்கு அப்பால் பக்கக் கூடங்கள். நடுவில் வடக்கும் தெற்குமாக இரண்டு சிறகுகள் பிரியும். அவை சந்திக்கும் சதுக்கத்தின் நான்கு மூலையில்தான் அந்தப் பெருந்தூண்கள். அவற்றின் மேல் சதுரக் கல் கோபுரம். அதன் தலையில் எண்கோண ஊசிக்கோபுரம். கிழக்கே பீடக்கூடமும் அதை ஒட்டிச் சிற்றாலயங்களும். வணிகரும் தொழிலாளரும் சேர்ந்த கில்டுகள் அவற்றுக்குப் பணம் கொடுத்தன. 1547-ல் அரசு சட்டம் போட்டு அந்த அறக்கட்டளைகளைக் கலைத்தது. கட்டுமானக் காலத்தில் பாரம் ஏற்றப் பயன்பட்ட பெரிய மரச் சக்கரப் பொறி ஒன்று தப்பிப் பிழைத்து ஊர் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது. இடைக்காலக் கட்டுமானக் கருவி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். ஆலயத்தைப் பார்ப்பவர்கள் அதைத் தேடிப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

இப்போது ஊசிக்கோபுரம். தரையிலிருந்து உச்சி 228 அடி, அதாவது 69.5 மீட்டர். அடியிலிருந்து நுனிக்குள் 45 பாகை திரும்பியிருக்கிறது. நுனி தன் நேர்மையத்திலிருந்து 9 அடி 6 அங்குலம், அதாவது 2.9 மீட்டர், விலகி நிற்கிறது. மேலே போர்த்தியிருக்கும் ஈயத்தின் எடை சுமார் 33 டன். உள்ளே இருப்பது ஓக் மரச் சட்டகம். கோபுரச் சுவரின் தலையில் படுக்கைக் கட்டைகளை வைத்து, சதுரத்தை எண்கோணமாக மாற்றி, எட்டு மூலைக்கும் எட்டுக் கால்களை உள்நோக்கிச் சாய்த்து உச்சியில் சேர்ப்பார்கள். இடையிடையே வளையம் போலக் கிடைச் சட்டங்கள். அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் ஈயத் தகடு.

ஏன் முறுக்கியது என்றால் உடனே ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: பச்சை மரம். அது பாதி உண்மை. இடைக்கால இங்கிலாந்தில் தச்சர் ஓக்கைப் பச்சையாகத்தான் வேலை செய்தார்கள். உலர்ந்த ஓக் இரும்பு மாதிரி. வாச்சியும் உளியும் எகிறும். தவிர, மரம் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தொழிலில் வழங்கும் கணக்கு; ஓரடிக் கனக் காலை உலரவிட்டுப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க எவராலும் முடியாது. எனவே பச்சையாகவே இழைத்து, ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, மரமுளை அடித்து நிறுத்திவிடுவார்கள். அது தன் இடத்தில் நின்றபடியே உலரும்.

உலரும்போது ஓக் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 30 சென்டிமீட்டர் அகலக் கட்டை திறந்தவெளிக் காற்றில் உலர்ந்தால் அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இழக்கலாம். அந்த வேறுபாட்டால் கட்டை வெடிக்கும், கோணும்; நார் சுற்றி வளர்ந்த மரமாக இருந்தால் திருகும். கழுந்து மெலிந்து துளைக்குள் ஆடும். இதை அறிந்துதான் தச்சர் முளைத் துளையைக் கழுந்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது மூட்டை இழுத்து இறுக்கும், மரம் சுருங்கினாலும் பிடி விடாது.

இந்த முறையில் பச்சை ஓக்கால் செய்த ஆயிரக்கணக்கான ஆலயக் கூரைகள் இன்றும் நேராக நிற்கின்றன. ஆகவே பச்சை மரம் மட்டுமே குற்றவாளி என்றால் இங்கிலாந்து முழுவதும் முறுக்குக் கோபுரமாக இருந்திருக்க வேண்டும்.

என் கணிப்பில் தலையாய குறை குறுக்குச் சட்டம் போதாதது. பந்தல்காரர்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார்கள். நான்கு கால் நட்டு, மேலே கிடைக்கழி கட்டி, பெருக்கல் குறி போலக் குறுக்குக்கழி கட்டாமல் விட்டால் பந்தல் நிற்கும். பாரம் ஏறினாலோ காற்று தள்ளினாலோ கால்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். வட்டமாக நிற்கும் கால்களுக்கு இதே கதி வந்தால் சாய்வு சுற்றாக மாறும். பிரம்பு மோடாவின் மூங்கில் கட்டு தளர்ந்தபின் அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள்: இருக்கை கீழே இறங்கும்போதே ஒரு பக்கமாகச் சுழலும். மேல் வட்டம் இறங்க வேண்டுமானால் சாய்ந்த கால்கள் இன்னும் சாய வேண்டும். எல்லாக் காலும் ஒரே போக்கில் சாயும்போது மேல்வட்டம் திரும்பித்தான் ஆக வேண்டும். எண்கோண ஊசிக்கோபுரத்தில் ஒவ்வொரு முகத்திலும் எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு சட்டங்கள் இருந்தால் ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும், சுழற்சிக்கு வழி அடைபடும். அந்தத் தடை செஸ்டர்ஃபீல்டில் போதவில்லை.

1348, 1349-ல் வந்த பெருங்கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் மாண்டுபோனதால்தான் இப்படி நேர்ந்தது என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நோய் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனது. ஊசிக்கோபுரம் எழுந்தது அதற்குப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் கழித்து. காரணம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அதை முதலில் வைக்க மாட்டேன். கொள்ளைநோய் தாக்காத காலத்திலும் முறுக்குக் கோபுரங்கள் உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி என்று ஐரோப்பாவில் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் தச்சர் செத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஈயம். அந்தச் சட்டகத்துக்கு 33 டன் பாரம் அதிகம். எடை ஒரு தொல்லை என்றால் வெயில் இன்னொரு தொல்லை. நம் ஊரில் ஆண்டில் இருமுறை சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. வெயில் எல்லாப் பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். செஸ்டர்ஃபீல்டு வட அட்சம் 53 பாகையில் இருக்கிறது. அங்கே நடுக்கோடையிலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகைதான் ஏறும், நடுக்குளிர்காலத்தில் 13 பாகை; எப்போதும் தெற்கில்தான். தெற்கு முகத்து ஈயம் தினமும் சூடேறி விரிகிறது. வடக்கு முகத்துக்குக் கோடையின் அதிகாலையிலும் அந்தியிலும் கொஞ்சம் சாய்வெயில், அவ்வளவுதான்.

ஈயம் சூட்டில் விரியும் அளவு, ஓக் நீளவாக்கில் விரிவதைப் போலப் பல மடங்கு. இரண்டு மீட்டர் நீளத் தகடு 40 பாகை சூடேறினால் 2.3 மில்லிமீட்டர் நீளும். மாலையில் குளிர்ந்தால் அதே அளவு சுருங்க வேண்டும். ஆனால் ஈயத்துக்கு அப்படிப் பழைய நிலைக்கு மீளும் திறன் கிடையாது. 327 பாகையில் உருகிவிடும் உலோகம் அது. சாதாரண வெப்பத்திலேயே, பாரம் தொடர்ந்து இருந்தால், மெழுகு போல மெல்ல மெல்ல இழுபடும். நீண்ட தகடு திரும்பச் சுருங்காமல் மடிப்பு விழுந்து, மடிப்பில் கீறல் விழுந்து, கீறலில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் ஓக் நனையும், நனைந்த மூட்டு இளகும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளித் தள்ளி நூற்றாண்டுகள் போயிருக்கின்றன.

தகடு வேயும் முறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் அந்தத் தொழிலாளரின் அறிவு தெரியும். செங்குத்துச் சரிவில் ஈயம் தன் எடையாலேயே வழுக்கும். அதனால் தகடுகளைச் சிறிதாக வெட்ட வேண்டும். மேல்விளிம்பை மட்டும் செப்பாணி அடித்து நிறுத்த வேண்டும். கீழ்விளிம்பை ஆணி அடிக்காமல் கொக்கியில் பிடிக்க வைத்தால் விரிந்து சுருங்க இடம் இருக்கும். நாலு பக்கமும் ஆணி அடித்தால் முதல் கோடையிலேயே ஆணித் துளை கிழியத் தொடங்கும். இரும்பாணி கூடவே கூடாது. துருவேறித் தலை தெறிக்கும். பக்க விளிம்புகளை ஒன்றோடொன்று உருட்டி மடித்து மூடுவார்கள். செஸ்டர்ஃபீல்டில் தகடுகள் கிடையாக இல்லாமல், மீன்முள் போல இருபுறமும் சாய்த்து வேயப்பட்டிருக்கின்றன. அந்தச் சாய்கோடுகளால் தட்டையான முகம்கூட நடுவில் பள்ளம் விழுந்தது போலத் தெரியும். எட்டு முகம் பதினாறாகத் தோன்றும். முறுக்கு கண்ணுக்கு இன்னும் அதிகமாகப் படுவதற்கு அந்தக் கோடுகளும் துணை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரியும்.

தகட்டின் மேல்முகத்தைவிட அடிமுகத்தில்தான் ஆபத்து அதிகம். மேலே மழையும் காற்றும் பட்டுச் சாம்பல் நிறப் படலம் படிந்து ஈயத்தைக் காக்கும். அடியில் ஓக் மரத்திலிருந்து வெளிவரும் அமிலமும், இரவில் படியும் ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தகடு முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். ஆகவே ஈயத்தையும் ஓக்கையும் நேராக ஒட்டவிடக் கூடாது. இடையில் வேறு பலகையும், காற்று ஓட இடைவெளியும் வேண்டும். ஈரம் தங்கும் ஓக்கில் இன்னொரு எதிரி குடியேறும்: மரத்துக்குள் தலையை முட்டி டிக் டிக் என்று சத்தம் எழுப்பும் ஒரு வண்டு. அதன் புழு பல ஆண்டு உள்ளேயே இருந்து கட்டையைத் தூளாக்கும். வசந்தகாலத்தில் கூரைக்குள் அந்தச் சத்தம் கேட்டால், மருந்தடிக்க ஓடுவதற்கு முன் ஒழுக்கு எங்கே என்று தேட வேண்டும். ஈரம் போனால் வண்டும் நிலைக்காது.

இத்தனைக்குப் பிறகும் அது ஏன் விழவில்லை? கணக்குப் போட்டால் புரியும். ஊசிக்கோபுரத்தின் மேற்பரப்பு அடியில்தான் அதிகம். கூம்பின் மேல் போர்த்திய தகட்டின் எடை மையம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அமையும். நுனி 2.9 மீட்டர் விலகினாலும், அந்த மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விலகல், நேர்க்கோடாகச் சாய்ந்ததாகக் கொண்டாலும், 97 சென்டிமீட்டர்தான். உண்மையில் வளைவு மேலே போகப் போகக் கூடுவதால் அதைவிடவும் குறைவு. அடிப்பாகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. பாரம் சுவருக்குள்ளேயே இறங்குகிறது. மரம் உலர்ந்து முடிந்தபின் கால்களும் சட்டங்களும் வளைந்த நிலையிலேயே ஒன்றையொன்று தாங்கி இறுகிவிட்டன.

அதனால்தான் நிமிர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வளைந்து உலர்ந்த ஓக் திரும்ப நிமிராது, உடையும். நிமிர்த்த வேண்டுமானால் பிரித்துப் புது மரத்தில் கட்ட வேண்டும். கட்டி முடித்தால் அது பழைய ஊசிக்கோபுரமாக இருக்காது. இருப்பதை இருக்கும் கோணத்திலேயே காப்பது என்று அந்த ஊர் எடுத்த முடிவு சரியானது என்றே உறுதியாக நினைக்கிறேன். ஊரே அதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அங்குள்ள கால்பந்து அணியின் செல்லப்பெயரும் ஊசிக்கோபுரத்தை வைத்துத்தான்.

கதைகளும் உண்டு. போல்சோவர் ஊர்க் கொல்லன் சாத்தானுக்கு லாடம் அடிக்கும்போது ஆணி சதையில் இறங்கிவிட்டதாம். வலியில் துள்ளி ஓடிய சாத்தான் ஊசிக்கோபுரத்தை உதைத்துவிட்டானாம். மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதைகள் பத்திரிகையில் வரட்டும், நல்லதுதான். கதை என்று குறித்து வெளியிட்டால் போதும்.

1961 டிசம்பர் 22 அன்று நிலைமை எல்லை மீறியது. வடக்குச் சிறகில் தீப்பிடித்தது. 1756-ல் ஜான் ஸ்னெட்ஸ்லர் செய்த ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவியின் பெரும்பகுதி போய்விட்டது. கிளாஸ்கோ நகர மண்டபத்தில் இருந்த, 1905-ம் ஆண்டு டி. சி. லூயிஸ் நிறுவனம் செய்த ஆர்கனை வாங்கி வந்து பொருத்தினார்கள். தீ ஊசிக்கோபுரத்துக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ருதாம் பேராலயத்தில் உலகமே பார்த்தது: அதுவும் ஓக்கும் ஈயமும் சேர்ந்த ஊசிக்கோபுரம்தான். காய்ந்த ஓக் சட்டகம், உள்ளே புகைபோக்கி போல உயரமான வெற்றிடம், மேலே உருகி ஒழுகும் ஈயம். கீழே நின்று அணைக்கவும் முடியாது.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள கட்டடக் கலைஞரால் பரிசோதிக்கப்பட வேண்டும். 1955 முதல் இது சட்டம். கூரை ஓட்டிலிருந்து இடிதாங்கி வரை பார்த்து, உடனே செய்ய வேண்டியது, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியது, ஐந்தாண்டுக்குள் செய்ய வேண்டியது என்று பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். ஒரு சன்னலை மாற்றுவதற்குக்கூட மறைமாவட்டத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பரிசோதனையில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி சாதாரணமானது: இலை அடைத்த மழைநீர்த் தூம்பு. அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் சுவரின் தலைக்குள் இறங்கி, கூரைக் கட்டையின் முனை இருக்கும் இடத்தில் தேங்கும். முனை அழுகினால் முழுக் கட்டையும் போச்சு. ஆண்டுக்கு இருமுறை, இலையுதிர்ந்த பிறகு ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை, ஓர் ஏணியும் வாளியும் இருந்தால் போதும்.

சுவரில் இன்னொரு தவறு நடக்கிறது. அது நம் ஊரிலும் நடக்கிறது என்பதால் சொல்கிறேன். மணற்கல் சுவரின் பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பாயின்டிங் செய்துவிடுகிறார்கள். கல்லுக்குள் போன ஈரம் முன்பு மிருதுவான சுண்ணாம்பு வழியாக வெளியேறும். சிமென்ட் அடைத்துவிட்டால் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பு பூத்து, குளிரில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும். சில பத்தாண்டில் சிமென்ட் கோடுகள் துருத்தி நிற்க, கல் உள்வாங்கிக் கிடக்கும். இணைப்பு எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்ந்தால் இணைப்புதான் தேய வேண்டும். அதை மறுபடி வைத்துவிடலாம், கல்லை வைக்க முடியாது.

சென்னை வாசகர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை ஆன புனித மேரி ஆலயம். கட்டியவர்கள் அதே நாட்டவர். ஆனால் கூரையில் ஓக்கும் இல்லை, ஈயமும் இல்லை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று இரண்டு அடிக் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து வளைகூரை போட்டார்கள். வெளிச்சுவர் நாலடிக் கனம். எரிய மரமில்லை, கறையான் தின்னவும் மரமில்லை. ஒரே வழிபாட்டு மரபு, ஊரின் தேவைக்குத் தக்கபடி வேறு உடம்பு எடுத்திருக்கிறது. செஸ்டர்ஃபீல்டு பற்றி எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்தால் உள்ளூர் வாசகருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

திருத்தம் வெளியிடுவதானால், படத்தின் கீழே இப்படிப் போடலாம்: "செஸ்டர்ஃபீல்டு சேகர ஆலயம், டெர்பிஷயர், இங்கிலாந்து. சுவர்கள் பெரும்பாலும் 13, 14-ம் நூற்றாண்டு. ஓக் சட்டகமும் ஈயத் தகடும் கொண்ட ஊசிக்கோபுரம் சுமார் 1362-ல் நேராகக் கட்டப்பட்டு, பின்னர் 45 பாகை முறுக்கி, 9 அடி 6 அங்குலம் சாய்ந்தது." மூன்று வரிதான், பழைய இடத்திலேயே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
பழங்கட்டடச் சீரமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
பாளையங்கோட்டை.